மேல் டிவிஷன் ஏற்றத்துக்கு இரண்டு டயர்

மிஸ்ஸி,

போன வாரம் மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். என் சின்னக் காரின் டயர்கள் தேய்ந்துவிட்டன. மழையில் பிரேக் போட்டால் வண்டி என் பேச்சைக் கேட்பதில்லை. கடைக்காரர் மூன்று புது டயர்களை உருட்டி வந்து என் முன்னால் படுக்க வைத்தார். புது ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது. என்னை அறியாமலே குனிந்து ஒரு டயரின் பள்ளத்துக்குள் கட்டை விரலை விட்டு அழுத்திப் பார்த்தேன்.

“ஆன்ட்டி, மாம்பழத்த அழுத்திப் பாக்கிற மாதிரில்ல பாக்கிறீங்க” என்று அவர் சிரித்தார். “இதையே எடுத்துக்குங்க லா. எல்லாரும் இதத்தான் எடுக்கிறாங்க.”

எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் உங்கள் இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். அந்தப் புருவத்தைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று. நீங்கள் போய்விட்ட செய்தி உங்கள் அண்ணன் மகள் எழுதிய கடிதத்தில் வந்தது. பதில் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

ஜாசினுக்கு உள்ளே இருந்த நம் ரப்பர் எஸ்டேட்டுக்கு நீங்கள் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உங்களுக்கு என்னைவிட நான்கு வயது கூட. நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த புது மிட்வைப். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பதால் உங்கள் பேச்சே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. நீங்கள் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்து முதல் வாரம் முழுக்கக் கை கூப்பினார்கள். தோட்டம் முழுவதும் உங்களை மிஸ்ஸி என்றது. நானும் அப்படியே அழைத்தேன். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும், ஒரே மேசையில் சாப்பிட்டும், கடைசிவரை அந்தப் பெயர் மாறவில்லை.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தைச் சுற்றி முள்வேலி. காலையில் பால் எடுக்க வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தைக்கூட கேட்டில் திறந்து பார்ப்பார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ஒரு மூட்டை எதுவும் சந்தேகமில்லாமல் நகர முடியாது. பொழுது சாய்ந்தால் கேட் மூடும். அதற்குப் பிறகு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். மேனேஜர் தொரையைத் தவிர அந்தச் சீட்டு தோட்டத்தில் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. உங்களோடு ஒரு பழைய கறுப்புக் காரும் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய முந்தைய டிரெஸரிடம் வாங்கியது. அதன் நான்கு டயர்களும் என் வகுப்புக் கற்பலகைகளைப் போல வழவழவென்று இருந்தன.

கமலத்தைப் பற்றிச் சொல்லாமல் டயரைப் பற்றிச் சொல்ல முடியாது. கமலம் மேல் டிவிஷனில் பால்மரம் வெட்டுகிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து மேல் டிவிஷன் மூன்று மைல். அதில் கடைசி முக்கால் மைல் ஏற்றம். செம்மண் சாலை, மூன்று வளைவு, இடது பக்கம் பள்ளம். கமலத்தின் முதல் பிள்ளை நீங்கள் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்து பிறந்தது. அதனால் அவள் அந்தக் கட்டிடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று நின்றாள். இரண்டாவது பிரசவத்துக்கு ஆள் வந்து சொன்னபோது நல்ல மழை. உங்கள் கார் முதல் வளைவிலேயே சறுக்கி ஓரத்துப் பள்ளத்தில் சக்கரத்தை வைத்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கொடி கழுத்தில் சுற்றிய பிள்ளை நீலமாகிவிட்டிருந்தது.

மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சேலையின் சேற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நாப்பது நிமிசம், டீச்சர்” என்றீர்கள். கார் நின்ற பிறகு நடந்தே போன நேரம். அந்த வருத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

கமலம் மறுபடி உண்டானாள். தீபாவளி கழிந்த வாரம் என்று நாள் கணக்கு வந்தது, அடைமழை மாதம். முன்கூட்டியே வந்து ஆஸ்பத்திரியில் படு என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள், நானும் சொல்லிப் பார்த்தேன். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன், மிஸ்ஸி வந்தால் போதும் என்றாள். வந்தால் போதும் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: “எனக்கு டயர் வேணும். எந்த டயர் எண்டு தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேணும்.”

டயர் என்றால் கடைக்குப் போய் வாங்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று முதல் ஆறு வாரம் நீங்கள் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் ஓட்டுநர்களிடம் கேட்டீர்கள். நல்ல டயர் எது என்று நீங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. “எந்த இடத்திலை சறுக்கினது?” என்றுதான் கேட்டீர்கள். நல்ல டயரா என்று கேட்டால் எல்லாரும் தன் வண்டியைப் புகழ்வார்கள். எங்கே சறுக்கியது என்று கேட்டால் கதை வரும். கதையில் உண்மை வரும். வகுப்பில் நான் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் முப்பது தலையும் ஆடும். ‘எந்த வரியில் நின்றுபோனாய்?’ என்று கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை. நீங்கள் பால் லாரி ஓட்டும் ராயப்பன் அண்ணனிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் கற்றேன்.

ராயப்பன் அண்ணனுக்கு நீங்கள் என்றால் கேலியும் மரியாதையும் சரிபாதி. லாரியின் பின் சக்கரத்துக்கு முன்னால் நீங்கள் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன மிஸ்ஸி, டயருக்கும் மாசம் ஆயிருச்சா?” என்று கேட்டார்.

“ஓம், உம்மட டயருக்கு ஆயுசு முடியுது. வலது பக்கம் உள்ளுக்குத் தேயுது, பாரும்” என்றீர்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார்.

பிறகு தடம். மழை விட்ட காலைகளில் மேல் டிவிஷன் ஏற்றத்துக்கு என்னையும் கூட்டிப் போவீர்கள். செம்மண்ணில் ஒவ்வொரு வண்டியும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். எது அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, எது இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, எந்த இடத்தில் சக்கரம் சுழன்று மண்ணை அரைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். எனக்கு அதுவரை அது வெறும் சேறு. நான் ஆயிரம் தடவை நடந்த சாலை, மிஸ்ஸி. அதில் இவ்வளவு எழுதியிருந்தது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

எந்தத் தடம் எந்த டயரினுடையது என்று தெரிய டயரின் படம் வேண்டும் அல்லவா? என்னிடம் பள்ளிக்கூடத்து மெல்லிய தாளும் மெழுகுக் கலர் குச்சிகளும் இருந்தன. பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படம் எடுப்பதைப் போல, நாம் டயரின் மேல் தாளை வைத்துத் தேய்த்தோம். பால் லாரி, பக்கத்துத் தோட்டத்து வேன், ஜாசின் பஸ், வாடகைக் கார் என்று வாரம் முழுக்க. ஒரு மாலை உங்கள் கூடத்துத் தரையில் பதினேழு டயர்களின் படம் பரப்பிக் கிடந்தது. சில கோடு கோடாக, சில கட்டம் கட்டமாக, சில மீன் முள்ளைப் போல. நான் அவற்றைச் சுற்றி நடந்து நடந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற மரங்களின் பால்தானே எங்கேயோ கப்பலில் போய், இப்படி முகம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று தோன்றியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வெட்டிய பால் வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். அது எப்படித் திரும்பி வருகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. டீச்சர் புத்தி நிற்கவிடவில்லை. கவனித்து எழுதுவது என்றால் ஒழுங்காக எழுத வேண்டும் என்று, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். என்ன வண்டி, எந்தச் சாலை, எந்தக் கிழமை, எத்தனை மணி. அழகான எழுத்தில் எல்லாவற்றையும் நிரப்பினேன். அதைப் பார்த்து, “உம்மட கையெழுத்து அச்சடிச்ச மாதிரி” என்று நீங்கள் பாராட்டவும் செய்தீர்கள். இரண்டு பேருக்குமே அது என்ன என்று உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மலாக்கா டவுனுக்கு டயர் வாங்கப் புறப்பட்டோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். என் பையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை போலீஸ் மாத்தா ஒருவர் விரித்தார். பால் லாரி, மேல் டிவிஷன் ஏற்றம், செவ்வாய், காலை பதினொரு மணி. தொரையின் ஜீப், அதே ஏற்றம், வியாழன், எட்டரை. இரண்டாம் தாள், மூன்றாம் தாள். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எந்த வண்டி எந்த நேரத்தில் எந்த வளைவில் மெதுவாகப் போகும் என்று காட்டுக்குள் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்பும் அத்தனையையும் நான் அடிக்கோல் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

போலீஸ் நிலைய பெஞ்சில் பத்து மணிக்கு உட்கார்ந்தோம். உங்கள் அனுமதிச் சீட்டை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். என்னைப் பிடித்து வைத்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சீட்டு போனால் கமலத்துக்கு யார் போவது? அதை உங்களிடம் சொல்லி அழுதேன். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்பிடாதேயும். நாங்கள் பொய் சொல்லத் தேவையில்லை. அதுவே பெரிய வசதி” என்றீர்கள்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் வர மதியம் ஆயிற்று. நீங்கள் மலாயில் கமலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் நம்பினார் என்றும் தெரியவில்லை, நம்பவில்லை என்றும் தெரியவில்லை. பிறகு வெளியே நின்ற அவருடைய வண்டியைப் பார்க்க அனுமதி கேட்டீர்கள். எல்லாரும் போனோம். நீங்கள் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, பின்னால் இடது பக்க டயரைத் தொட்டுக் காட்டி, இந்த வண்டி ஈரச் செம்மண்ணில் ஏறும்போது பின்பக்கம் இடது பக்கமாக ஒதுங்குகிறதா என்று கேட்டீர்கள். இன்ஸ்பெக்டர் தன் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

உள்ளே வந்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். நான் கிழமையும் மணியும் எழுதியிருந்த கட்டத்தைப் பதினேழு தாளிலும் பொறுமையாக நறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார். மிச்சத்தைச் சுருட்டி உங்களிடம் கொடுத்தார். அனுமதிச் சீட்டையும் கொடுத்தார். இனிமேல் டீச்சர் எழுத வேண்டாம், மிஸ்ஸியே எழுதட்டும் என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது வயதாக ஆகத்தான் எனக்குத் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்று வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். நீங்கள் காரை மலாக்கா பக்கமே திருப்பினீர்கள். கடை அடைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றீர்கள்.

டவுன் கடை முதலாளி, தவுக்கே, சீனர். டயர் மாட்டுகிறவர் நம்மாள், அந்தோணி அண்ணன். தவுக்கே பளபளவென்று கோடு போட்ட ஒரு டயரைக் கொண்டு வந்தார். தொரைமார் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், தார்ச் சாலையில் சத்தமே வராது என்றார். உங்கள் புருவம் மேலே போனது. கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தீர்கள். அதற்குள் மேல் டிவிஷன் செம்மண். அதைக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று எனக்கே தெரியாது. கடைக் குழாயில் தண்ணீர் பிடித்து அந்த மண்ணைப் பிசைந்து, புத்தம் புது டயரின் கோடுகளுக்குள் உள்ளங்கையால் அப்பினீர்கள். தவுக்கே ஓடி வந்தார். சீன மொழியில் படபடவென்று பொரிந்தார்.

அந்தோணி அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். “தவுக்கே கேக்குறாரு, மிஸ்ஸி டயர் வாங்க வந்தீங்களா, சட்டி பானை செய்ய வந்தீங்களான்னு.”

“கழுவித் தருவன் எண்டு சொல்லும். இப்ப இந்த டயரைத் தூக்கி நிலத்திலை ஒருக்காப் போடும்.”

அவர் போட்டார். கோடுகளுக்குள் அப்பிய மண் அசையவே இல்லை. டயர் முழுக்க வழித்துவிட்டது போல ஆகிவிட்டது. உங்கள் பழைய டயருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அடுத்து மீன் முள் போட்டது. பாதி மண் விழுந்தது. கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு டயர். ஓரமெல்லாம் அகலமான கட்டங்கள், நடுவே விரல் நுழையும் இடைவெளி. அழகே கிடையாது. தார்ச் சாலையில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும், யாரும் வாங்குவதில்லை என்றார் தவுக்கே. அந்தோணி அண்ணன் அதைத் தூக்கிப் போட்டார். மண் கட்டிகளாகத் தெறித்து விழுந்தது. பள்ளங்கள் மறுபடி வாயைத் திறந்துகொண்டன.

ஒரு மனுஷி ஒரு பிஸ்கட் டின் மண்ணை வைத்துக்கொண்டு மூன்று மைல் சாலையை அந்தக் கடைக்குள் கொண்டு வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தவுக்கே தானே போய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து உங்கள் கையில் ஊற்றினார்.

உங்கள் காரின் அளவில் அந்த மாதிரி இரண்டுதான் இருந்தன. முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? அதற்கும் ஒரு வாரம் விவாதம் நடந்தது. ராயப்பன் அண்ணன் முன்னால்தான் என்றார். “மூஞ்சிதானே மிஸ்ஸி வழி பாக்குது. புதுச மூஞ்சிக்குப் போடுங்க.” நீங்கள் தாளில் ஒரு தள்ளுவண்டியை வரைந்து, தள்ளுகிறவனுடைய கால் எங்கே ஊன்றுகிறது என்று அவரிடமே கேட்டீர்கள். இந்தக் காரைப் பின் சக்கரம்தான் தள்ளுகிறது. தள்ளுகிறவன் சறுக்கினால் வழி பார்த்து என்ன பயன்? பின்னால் போட்டாயிற்று. தோட்டத்துப் பெண்கள் வந்து இரண்டு டயருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

தீபாவளி கழிந்த ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு வானம் கொட்டிக்கொண்டிருந்தது. கமலத்தின் கணவர் வீரையா சைக்கிளில் நனைந்து வந்து சேர்ந்தார். நீங்கள் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டீர்கள்.

“நீர் பின்னுக்கு இரும். பாரம் வேணும்.”

ஏறினேன். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். “உம்மட பாரம் காணாது. கற்பலகைப் பெட்டி எத்தினை இருக்கு?”

மூட்டை எதையும் வண்டியில் வைத்தால் கேட்டில் இறக்கிக் குத்திப் பார்ப்பார்கள். கற்பலகையை யார் என்ன செய்வார்கள்? அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறீர்கள். நாலு பெட்டிக் கற்பலகை, நான், என் மடியில் உங்கள் பெட்டி. கேட்டில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏற்றம் தொடங்கியது. சாலையில் ஓடியது தண்ணீரா மண்ணா என்று தெரியவில்லை. முதல் வளைவு, போன வருடம் நீங்கள் நின்றுபோன இடம். வண்டி ஒரு முறை குலுங்கியது. பின்னால் இருந்து கட்டி கட்டியாக மண் தெறித்துத் தகரத்தில் அடிக்கும் சத்தம். ஏறிவிட்டோம். இரண்டாம் வளைவும் ஏறிவிட்டோம். மூன்றாம் வளைவில் வண்டியின் பின்பக்கம் மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல, பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. நான் மடியிலிருந்த பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை. ஏதோ தடுத்தது போல ஒரு இடி. பிறகு சக்கரம் பிடித்தது. மேல் டிவிஷன் லயம் தெரிந்தது.

இந்தப் பிள்ளைக்கும் கொடி கழுத்தில் சுற்றித்தான் இருந்தது. தலை வெளியே வந்த அந்த நொடி நீங்கள் அங்கே இருந்தீர்கள். இரண்டு விரலை உள்ளே விட்டுக் கொடியை நெகிழ்த்தித் தலைக்கு மேலாக எடுத்ததை நான் பார்த்தேன். பூ மாலையைக் கழற்றுவது போல இருந்தது. பெண் பிள்ளை. அழுதாள். கமலம் என் கையை எப்படிப் பிடித்திருந்தாள் என்றால், நகத்தின் தடம் மூன்று நாள் போகவில்லை. லயத்தில் யாரோ சர்க்கரை கொடுத்தார்கள். வீரையா நனைந்த துணியோடு போய் உங்கள் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன், மிஸ்ஸி. கெட்டிக்காரி ஒருத்தி நல்ல டயர் வாங்கினாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தோட்டமே உங்கள் டயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் வந்து, “வாரும், தடம் பாப்பம்” என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். நாம்தான் ஏறிவிட்டோமே, பிள்ளைதான் பிழைத்துவிட்டதே. நீங்கள் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

மூன்றாம் வளைவில் நின்றோம். நம் தடம் அப்படியே இருந்தது. கட்டம் கட்டமாக அழுத்தமாக வந்துகொண்டிருந்த தடம் ஓரிடத்தில் கலைந்து, பள்ளத்தை நோக்கி இரண்டு முழ நீளத்துக்கு வழித்துக்கொண்டு போயிருந்தது. அதன் முடிவில், சாலை விளிம்பில், எப்போதோ வெட்டிய ஒரு பால்மரத்தின் அடிக்கட்டை. அதன் பட்டை புதிதாக உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை. பள்ளம்தான்.

நீங்கள் குந்தி உட்கார்ந்து அந்த வழித்தடத்தை விரலால் கடைசிவரை தொட்டுக்கொண்டே போனீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இதிலை டயர் பிடிக்கேல்லை, டீச்சர். இந்தக் கட்டைதான் பிடிச்சது.” கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “தப்பினது வேறை. சரியாச் செய்தது வேறை.”

உங்கள் நோட்டுப் புத்தகத்தில், அந்த டயரின் பக்கத்தில், முதல் வளைவு பிடித்தது, இரண்டாம் வளைவு பிடித்தது, மூன்றாம் வளைவு பிடிக்கவில்லை என்று எழுதினீர்கள். ஊர் முழுக்க மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற டயரைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும். அன்றே அந்தத் தடம் காய்வதற்கு முன் தொரையைக் கையோடு கூட்டி வந்து அந்தக் கட்டையைக் காட்டினீர்கள். அவர் நல்ல டயருக்கு உங்களைப் பாராட்ட வந்தவர். வெறும் டயர் போதாது, இந்த வளைவுக்குக் கருங்கல் ஜல்லி போட வேண்டும், விளிம்புக்கு மரக்கட்டை அடிக்க வேண்டும், அடுத்த மாதம் இங்கே இன்னும் இரண்டு பெண்களுக்கு நாள் இருக்கிறது என்றீர்கள். அவர் அந்த அடிக்கட்டையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். பத்து நாளில் ஜல்லி வந்தது.

தோற்ற பிறகு யோசிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான். ஜெயித்த மறுநாள் காலை சேற்றில் நடந்து போய், நாம் எங்கே தோற்றிருப்போம் என்று பார்க்கிற ஒருவரை வாழ்க்கையில் உங்களைத் தவிர நான் கண்டதில்லை. அன்று அந்த வளைவில் உட்கார்ந்தபோது எனக்கு வந்தது பயம் என்றுதான் அப்போது நினைத்தேன். மலைப்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அதிலிருந்து என் வேலை மாறிப்போயிற்று. அதுவரை பிள்ளைகளின் நோட்டில் தவறான விடையைத்தான் பார்ப்பேன். சரி என்றால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன். அதன் பிறகு சரியான விடையிலும் நின்றேன். எப்படி வந்தாய் என்று கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து, பிறகு இன்னொரு இடத்திலும் தப்பு செய்து, இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை வந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல் போயிருக்கும். ஓய்வு பெறும் நாள்வரை என் சிவப்புப் பேனா சரியான விடைகளின் மேல்தான் அதிக நேரம் நின்றது.

அப்படி நான் கேட்டதற்காக முதலில் சண்டைக்கு வந்தவள் யார் தெரியுமா? கமலத்தின் மகள். எட்டு வயது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அப்போது சிரம்பானுக்கு மாற்றலாகிப் போய்விட்டீர்கள். எழுந்து நின்று, நோட்டைத் தூக்கிக் காட்டி, “விட சரியாத்தான இருக்கு டீச்சர், அப்புறம் ஏன் கேக்குறீங்க?” என்றாள்.

முகம் சிவந்து, மூச்சு வாங்க, அத்தனை உயிரோடு நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “சரிதான்டா கண்ணு. வந்த வழிய மட்டும் டீச்சருக்கு ஒரு தடவ காட்டு” என்றேன்.